இன்னும் 19 பாக்கி, மாப்ள!

"தூண்டில் எடுத்தாச்சா?"

"ஆச்சு."

"ரப்பர் பூட்ஸ்?"

"ஆச்சு."

"பிளாஸ்க்ல காபி?"

"ஆச்சு மாமா."

"வேற?"

"பேனா."

இங்கேதான் என் மாமனாருக்குச் சந்தேகம் வந்தது. "மாப்ள, நாம மீன் பிடிக்கப் போறோமா, இல்ல பத்திரம் பதியப் போறோமா?"

கேள்வியில் நியாயம் இருந்தது. மனிதர் தூத்துக்குடிக்காரர். ஒரு கப்பல் ஏஜென்சியில் 34 வருஷம் கணக்கெழுதி ரிடையர் ஆனவர். சீலா மீனைச் செவுளைத் திறந்து பார்த்தே, 'இது நேத்துப் பட்டது, இது முந்தாநாள் பட்டது' என்று சொல்லக்கூடியவர். அவருக்கு மீன் என்றால் கூடை, தராசு, பேரம். பேனா எங்கிருந்து வந்தது?

நான் இருப்பது அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லாண்டுக்குப் பக்கத்தில். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் ஜாதி. போன மார்ச்சில் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாமனாரும் மாமியாரும் பிரசவ மருந்து, கருப்பட்டி, பூண்டு சகிதம் வந்து இறங்கினார்கள். எல்லாம் இருந்தது, பால்சுறா இல்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு கொடுக்காவிட்டால் தூத்துக்குடிப் பக்கம் தலைகாட்ட முடியுமா? சூப்பர் மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனேன். ஐஸில் அடுக்கியிருந்த மீன்களை ஒரு தரம் பார்த்தார். மூக்கைச் சுருக்கினார். "செத்து நாலு அமாவாசை ஆயிருக்கும் மாப்ள."

அங்கேதான் நான் வாயை விட்டேன். "ஆத்துல நானே பிடிச்சுக் கொண்டு வரேன் மாமா!"

என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த பார்வையை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது. காரணம், அதுவரை நான் ஆறு தடவை போய் ஆறு தடவையும் வெறுங்கையோடு திரும்பியவன். "ஏங்க, லைசென்ஸ், டேக், தூண்டில், பூட்ஸ் எல்லாத்தையும் கூட்டிப் பாத்தேன். அந்தக் காசுக்குக் கடையிலயே ஒரு வருஷத்துக்கு மீன் வாங்கியிருக்கலாம்" என்பாள். கணக்கில் அப்பாவின் வாரிசு.

இந்தப் பைத்தியத்தை எனக்குப் பிடிக்க வைத்தவர் ஆபீஸில் என் பக்கத்து இருக்கைத் தாடிக்காரர். அறுபதை நெருங்குகிறவர். மீட்டிங்கில் வாயே திறக்க மாட்டார். 'ஸ்டீல்ஹெட்' என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள்... மூடவே மாட்டார்.

ஸ்டீல்ஹெட் என்பது சால்மனின் ஒன்று விட்ட தம்பி. ஆற்றில் கூழாங்கல் நடுவே பிறந்து, கடலுக்குப் போய்த் தின்று கொழுத்து, முட்டையிட மறுபடி பிறந்த ஆற்றுக்கே வரும். பிறந்த தண்ணீரின் வாசனையை மோந்து மோந்தே வந்து சேர்கிறதாம். (எனக்கு எங்கள் தெருமுனையே ஜி.பி.எஸ். இல்லாமல் தெரியாது.) இங்குள்ள சால்மன்கள் முட்டையிட்டதும் செத்துப் போகும். ஸ்டீல்ஹெட்டில் சில பிழைத்து, கடலுக்குத் திரும்பிப் போய், இன்னொரு தடவையும் வரும்.

காரில் போகும்போது மாமாவுக்குச் சட்டம் எடுத்தேன். தாடிக்காரர் எனக்கு லஞ்ச் மேஜையில் சொல்லிக் கொடுத்ததுதான்.

"இங்க 12 வயசு ஆனவங்க யாரா இருந்தாலும் தூண்டில் போட லைசென்ஸ் வேணும் மாமா. சால்மன், ஸ்டீல்ஹெட் பிடிக்கணும்னா லைசென்ஸ் மட்டும் போதாது, அதுக்கு மேல டேக்னு ஒண்ணு வாங்கணும். ஒரு மீனை வெச்சுக்கறதுன்னு முடிவு பண்ணினா, அந்த இடத்துலயே, அந்த நிமிஷமே அதுல எழுதணும். என்ன மீன், எந்த ஆறு, என்ன தேதி. ஆத்துக்கெல்லாம் நம்பர் இருக்கு."

"ஆத்துக்கு நம்பரா?"

"ஆமா, பஸ் ரூட் மாதிரி."

"வீட்டுக்குப் போய் சாவகாசமா எழுதினா?"

"தப்பு. எழுதாத மீன் கையில இருந்தா, அது கள்ள மீன்."

ஆபீஸ் போகிறவர்களுக்குச் சுலபமாகப் புரிய ஒரு வழி சொல்கிறேன். இதைக் கேஷுவல் லீவு என்று வைத்துக் கொள்ளுங்கள். ஓரிகனில் ஒரு டேக்குக்கு வருஷத்துக்கு 20 மீன். சால்மன், ஸ்டீல்ஹெட் இரண்டும் சேர்த்துத்தான் இந்த 20. டிசம்பர் 31 இரவோடு சரி, மிச்சத்தை அடுத்த வருஷத்துக்கு எடுத்துப் போக முடியாது. இருபது இருக்கிறதே என்று ஒரே நாளில் இருபதையும் எடுக்கவும் முடியாது. தினசரி வரம்பு தனி. நாங்கள் போன ஆற்றில், போன அன்றைக்கு, ஆளுக்கு 2. ஆற்றுக்கு ஆறு, பருவத்துக்குப் பருவம் இது மாறும். நடுவில் திடீரென்று மூடியும் விடுவார்கள். அதனால் தாடிக்காரர் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே அன்றைய அறிவிப்பைப் பார்த்துவிடுவார்.

ஒரு வருஷம் முன்னதாகவே கடலிலிருந்து அவசரப்பட்டுத் திரும்பி வரும் பொடி ஆண் சால்மனுக்கு 'ஜாக்' என்று பெயர். சினூக் வகையில் 24 அங்குலத்துக்குள் இருந்தால் ஜாக். இதை டேக்கில் எழுத வேண்டாம், வரம்பும் வேறு. டெம்பரரி ஸ்டாஃப்!

பேப்பர் டேக் வேண்டாமென்றால் போனிலேயே ஆப் மூலம் டேக் போட்டுக் கொள்ளும் வசதியும் வந்துவிட்டது. தாடிக்காரர் சம்மதிக்கவில்லை. "மழையில் உன் விரல் விறைத்துப் போயிருக்கும். போன் உன் விரலை விரல் என்று ஒத்துக்கொள்ளாது. பேனா ஒத்துக்கொள்ளும்" என்றார். கம்ப்யூட்டர் கம்பெனியில் 30 வருஷம் குப்பை கொட்டியவர் சொன்னால் கேட்டுக் கொள்ள வேண்டியதுதான்.

கொலம்பியா நதியைத் தாண்டினால் வாஷிங்டன் மாநிலம். அங்கே இதற்குப் பெயர் 'கேட்ச் ரெக்கார்டு கார்டு'. வருஷம் முடிந்ததும் ஏப்ரல் 30-க்குள் கணக்கு ஒப்படைத்தாக வேண்டும். ஒரு மீன் கூடப் பிடிக்காதவனும் 'ஒன்றும் பிடிக்கவில்லை' என்று தெரிவிக்க வேண்டும்.

மாமா முகம் முதல் தடவையாக மலர்ந்தது. "நில் ரிட்டர்ன்!"

"அதேதான்."

"சேல்ஸ் டாக்ஸ்ல நான் எத்தனை போட்டிருப்பேன்!"

சரி, இத்தனை கெடுபிடி ஏன்? நானும் முதலில் வெள்ளைக்காரன் ஃபார்ம் மோகம் என்றுதான் நினைத்தேன். ஆற்றில் இரண்டு விதமான மீன்கள் இருக்கின்றன என்பது புரிந்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

ஒன்று, ஆற்றிலேயே பிறந்த காட்டு மீன். இன்னொன்று 'ஹாட்சரி' மீன். அதாவது, குஞ்சு பொரிப்பகத்தில் தொட்டியில் பிறந்து, தீனி போட்டு வளர்க்கப்பட்டு, ஆற்றில் விடப்பட்டது. இது இன்று நேற்று வந்த வழக்கம் கிடையாது. எங்கள் ஊர்ப் பக்கத்து கிளாக்கமஸ் ஆற்றில் 1877-லேயே ஒரு பொரிப்பகம் ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு அணைகள் வந்தன. கொலம்பியா நதியில் பான்வில் அணை 1938-ல். அதிலாவது மீன் ஏறிப் போகப் படிக்கட்டு கட்டினார்கள். 1942-ல் முடிந்த கிராண்ட் கூலி அணையில் அதுவும் இல்லை. அதற்கு மேலே இருந்த அத்தனை ஆறுகளும் சால்மனுக்கு அன்றோடு மூடிய கதவு. அணையில் இழந்ததைத் தொட்டியில் ஈடுகட்டலாம் என்று பொரிப்பகங்கள் பெருகின. இன்று கொலம்பியா நதிப் படுகையில் மட்டும் வருஷத்துக்குப் பத்துக் கோடிக்கும் மேலே குஞ்சுகளை விடுகிறார்கள்.

அப்புறம் என்ன கவலை, பிடித்துத் தின்ன வேண்டியதுதானே? தின்னலாம். ஹாட்சரி மீனை விடுவதே அதற்குத்தான். சிக்கல் என்னவென்றால், தொட்டியில் வளர்ந்தது ஆற்றுப் பிழைப்புக்குச் சமர்த்து போதாது. இங்கே ஹூட் ரிவர் என்ற ஆற்றில் ஸ்டீல்ஹெட்டுகளின் பரம்பரையை மரபணு வைத்து ஆராய்ந்து, 2007-ல் வெளியிட்டார்கள். தொட்டியில் வளரும் ஒவ்வொரு தலைமுறைக்கும், ஆற்றில் பிள்ளை குட்டி பெற்று வம்சம் தழைக்க வைக்கும் திறமை சுமார் 40 சதவீதம் குறைகிறதாம். ஆகவே காட்டு மீன் அழிந்தால் ஹாட்சரி மீனை வைத்து ஆற்றை ஓட்ட முடியாது. மூலப்பிரதி தொலைந்தபின் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே போனால் எழுத்து என்ன ஆகும்?

காட்டு மீன் எவ்வளவு மோசமான நிலைக்குப் போனது என்பதற்கு ஒரு கதை. ஐடஹோ மாநிலத்தில் ரெட்ஃபிஷ் ஏரி என்று ஒன்று. கடலிலிருந்து 900 மைல் நீந்தி, ஆறாயிரம் அடிக்கு மேல் ஏறி, சாக்கை சால்மன்கள் அங்கே வருவது வழக்கம். 1992-ல் எத்தனை வந்தது தெரியுமா? ஒன்று. ஒரே ஒரு ஆண் மீன். ஏரி பூராவும் தேடிப் பார்த்திருக்கும், பாவம். 'லோன்சம் லாரி' என்று பெயர் வைத்தார்கள். நம் பாஷையில் ஒண்டிக்கட்டை லாரி. நாங்கள் தூண்டில் போடும் பக்கத்து ஸ்டீல்ஹெட்டையும் 1998-ல் அழியும் அபாயத்தில் உள்ள பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

இந்த நதிகளுக்கு மூத்த பங்காளிகள் வேறு இருக்கிறார்கள். 1855-ல் பழங்குடியினரிடம் நிலத்தை எழுதி வாங்கியபோது, மீன் பிடிக்கும் உரிமை அவர்களுக்கே என்று ஒப்பந்தம் போட்டது அரசாங்கம். போட்டுவிட்டு, வழக்கம்போல மறந்துவிட்டது. வாஷிங்டனில் 1974-ல் போல்ட் என்ற நீதிபதி அந்தப் பழைய காகிதத்தைப் படித்துப் பார்த்து, பிடிக்கக்கூடிய மீனில் பாதி அவர்களுடையது என்று தீர்ப்பளித்தார். பாதி என்றால் முதலில் மொத்தம் தெரிய வேண்டுமே! அதனால் எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். பான்வில் அணையில் மீன் படிக்கட்டு ஓரமாகக் கண்ணாடி ஜன்னல் வைத்து, உள்ளே ஆள் உட்கார்ந்து போகிற மீனை வகைவாரியாக எண்ணுவதைக் கேட்டபோது, இந்த வேலைக்கு அப்ளிகேஷன் எங்கே கிடைக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இப்போது முக்கியமான கேள்வி. தண்ணீரில் துள்ளும் மீனைப் பார்த்து, இது காடா, தொட்டியா என்று எப்படிச் சொல்வது?

இதற்காகவே சால்மன் ஜாதிக்கு ஆண்டவன் ஒரு குட்டித் துடுப்பு வைத்திருக்கிறான். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே, சதைப்பற்றாக, கட்டைவிரல் நகம் அளவு. தொட்டியில் குஞ்சாக இருக்கும்போதே இதை நறுக்கிவிடுகிறார்கள். முன்பெல்லாம் மயக்க மருந்து கொடுத்து, கையில் கத்தரி வைத்து ஒவ்வொன்றாக. இப்போது அதற்கு இயந்திரம் வந்தாயிற்று. முழுசாக நறுக்கினால் மறுபடி வளராது. குட்டித் துடுப்பு இல்லையா, ஹாட்சரி மீன், வீட்டுக்கு எடுத்துப் போகலாம். இருக்கிறதா, ஆற்றுக்குத் திருப்பி விடு. வெறுமனே இல்லாவிட்டாலும் போதாது. அந்த இடத்தில் ஆறிய வடு இருக்க வேண்டும். கரையிலேயே பேனாக்கத்தியால் நறுக்கிவிட்டு 'ஹாட்சரி சார்' என்று பல்லிளிக்கும் புத்திசாலிகளுக்காக வைத்த வார்த்தை அது. புத்திசாலிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்!

(ஹாட்சரியில் நறுக்காமல் விடுவதும் சில உண்டு. அது பிறப்பில் எதுவாக இருந்தால் என்ன, கரையில் நிற்கிறவனுக்குத் துடுப்பு இருந்தால் காட்டு மீன்தான்.)

இருபது மீன் தீர்ந்தவர்களுக்கு 'ஹாட்சரி ஹார்வெஸ்ட் டேக்' என்று இன்னொன்று விற்கிறார்கள். அதில் பத்து மீன் எழுதலாம். தீர்ந்தால் இன்னொன்று வாங்கலாம். ஆனால் நறுக்கிய மீனுக்கு மட்டும். ஆறு தடவை முட்டை வாங்கியவன் இதையும் வாங்கி வைத்திருக்கிறான் என்பது என் மனைவிக்கு இதைப் படிக்கும்போதுதான் தெரியப் போகிறது.

டேக் கூத்து இதோடு முடியவில்லை. மீனுக்கும் டேக் உண்டு! சில குஞ்சுகளின் மூக்குக்குள் 1.1 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு எஃகுக் கம்பித் துணுக்கு. அதில் பொடி எழுத்தில் எண். எந்தப் பொரிப்பகம், எந்த வருஷத்துக் குஞ்சு என்பது மைக்ராஸ்கோப்பில் வைத்தால் தெரியும். இன்னும் சிலவற்றின் வயிற்றில் அரிசி மணி அளவு சில்லு. அணைக்கட்டு வாசலைத் தாண்டும்போது அங்குள்ள ஆன்டெனா அதைப் படித்துக்கொள்ளும். நான் ஆபீஸ் வாசலில் ஐ.டி. கார்டைத் தேய்ப்பது போலத்தான். வித்தியாசம், மீன் கார்டை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வருவதில்லை.

இவ்வளவும் சொல்லி முடிப்பதற்குள் சாண்டி ஆறு வந்துவிட்டது. மவுண்ட் ஹூட் பனிமலையிலிருந்து இறங்கி வருகிற தண்ணீர். காலை வைத்தால் முழங்கால் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கத் தோன்றும். தூறல். மாமா குரங்குக் குல்லா, அதற்கு மேல் என் ஜெர்கின், அதற்கு மேல் குடை. அவருக்கு லைசென்ஸ் இல்லாததால் தூண்டிலைத் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தேன். கையைக் கட்டிக்கொண்டு பாறை மேல் சூப்பர்வைசர் போல நின்றார். தாடிக்காரர் மேலே வளைவு தாண்டிப் போய்விட்டார்.

இரண்டு மணி நேரம். ஒன்றுமில்லை.

பிறகு, யாரோ கீழேயிருந்து கயிற்றைச் சுண்டி இழுத்தது போல ஒரு வெட்டு. சக்கரம் அலறியது. மீன் ஆற்றின் குறுக்கே ஓடி, தண்ணீரை விட்டு முழுசாக எழும்பி, வெள்ளித் தகடாக மின்னி விழுந்தது. "விடாதீய! விடாதீய!" என்று மாமா குடையை எறிந்துவிட்டுக் கரையில் ஓடினார். என் கை நடுங்கியது, கால் நடுங்கியது. பத்து நிமிஷமோ இருபது நிமிஷமோ, கடைசியில் மீன் களைத்து, முழங்கால் ஆழத்தில் என் பக்கத்தில் வந்து சாய்ந்தது. எட்டுக் கிலோவாவது இருக்கும் என்றார் மாமா. அந்தக் கண்ணுக்குத் தராசு வேண்டாம்.

நான் முதுகைப் பார்த்தேன்.

குட்டித் துடுப்பு இருந்தது. முழுசாக, ஈரத்தில் பளபளத்துக்கொண்டு.

"மாமா, இது காட்டு மீன்."

"எங்க இருக்கு அந்தத் துடுப்பு? இதா? இம்புட்டூண்டா?" குனிந்து பார்த்தார். மேலும் கீழும் பார்த்தார். ஆற்றில் ஒரு ஈ காக்கை இல்லை. குரலைத் தாழ்த்தினார். "மாப்ள, யாரு பாக்கா?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சட்டத்தைக் கரைத்துக் குடித்த எனக்கும் அந்த நிமிஷம் அதே எண்ணம்தான். ஏழாவது தடவை. வீட்டில் பச்சை உடம்புக்காரி. கார் ஐம்பது அடி தூரத்தில். எதிரே பிடித்தே தீருவேன் என்று சவால் விட்ட மாமனார். மனசு ஒரு பக்கம் குழம்புக்குப் புளி கரைக்க ஆரம்பித்துவிட்டது. இன்னொரு பக்கம், ஒரு மீனால் கிரீன் கார்டு போய்விடுமோ என்று பயம். பயமா, நேர்மையா, எது முந்தியது என்று என்னைக் கேட்காதீர்கள்.

மாமா மீனின் வயிற்றை ஒரு பார்வை பார்த்தார். "சினை மீனு" என்றார். அதை என்ன அர்த்தத்தில் சொன்னார், வருத்தத்திலா, ஆசையிலா, எனக்கு இன்றுவரை தெரியாது. எச்சில் விழுங்கியதைப் பார்த்தேன்.

குறட்டால் கொக்கியைக் கழற்றினேன். தாடிக்காரர் சொல்லிக் கொடுத்தபடி, தண்ணீரை விட்டுத் தூக்காமல், வாலடியை ஒரு கையாலும் வயிற்றை ஒரு கையாலும் தாங்கி, ஓட்டத்துக்கு எதிராக முகத்தைத் திருப்பிப் பிடித்தேன். செவுள் திறந்து மூடியது. திறந்து மூடியது. திடீரென்று என் கையில் ஒரு உதறல். போய்விட்டது. கையில் வாசனை மட்டும்.

அரை மணி நேரம் மாமா பேசவில்லை. காபியை ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கேட்டார்: "விட்டதை எந்தக் காலத்துல எழுதுவீய?"

"அதை எழுத வேண்டாம் மாமா. வெச்சுக்கறதை மட்டும்தான்."

"வரவும் கிடையாது, பத்தும் கிடையாது" என்று யோசித்தார். "சஸ்பென்ஸ் அக்கவுண்ட்."

ஆண்டவன் அன்றைக்கு எங்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே உட்கார்ந்திருந்தான். மத்தியானம் தாடிக்காரர் திரும்பி வந்து நிற்கும்போதே இன்னொன்று மாட்டியது. இது சின்னது, மூன்று கிலோ தேறும். தாடிக்காரர் வலையில் அள்ளினார். மூன்று தலைகளும் ஒன்றாகக் குனிந்தன. முதுகில் துடுப்பு இல்லை. அந்த இடத்தில் வழவழவென்று பழைய வடு.

"ஹாட்சரி!" என்று கத்திய தாடிக்காரரை நான் கட்டிக்கொள்ள, அவர் மாமாவைக் கட்டிக்கொள்ள, ஒரே அமளி. மீனின் தலையில் ஒரு போடு போட்டதும் நான் போனை எடுத்தேன், மனைவிக்குப் போட்டோ அனுப்ப. ஒரு கோணம், இரண்டு கோணம், மீனோடு நான், மீன் மட்டும்...

"மாப்ள!"

மாமா குரலில் 34 வருஷ சர்வீஸ் இருந்தது. கையில் பேனா. மூடி கழற்றியாயிற்று.

"படம் அப்புறம் எடுக்கலாம். முதல்ல என்ட்ரி போடுங்க. என்ட்ரி போடாம சரக்கு நகரக் கூடாது."

என் கோட்டை விரித்து மழைக்குக் கூரை பிடித்தார். நான் எழுதினேன். மீன் வகை, ஆற்றின் எண், தேதி. ஏழு எழுதும்போது ஒன்றுபோல இருக்கிறது என்று திருத்தச் சொன்னார்.

சாமான்களைக் கட்டிக்கொண்டு கார் பக்கம் வந்தால், சீருடையில் ஒரு அதிகாரி நிற்கிறார். லைசென்ஸ் கேட்டார். டேக் கேட்டார். மீனைக் காட்டச் சொன்னார். முதுகில் கட்டைவிரலை வைத்து வடுவைத் தடவிப் பார்த்தார். டேக்கையும் கைக்கடிகாரத்தையும் பார்த்தார். எனக்கு எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் பார்த்த நாள் ஞாபகம் வந்தது.

"நல்ல மீன்" என்று சொல்லிவிட்டு அடுத்த காருக்குப் போனார். அவ்வளவுதான்.

"பாத்தீயளா?" என்றார் மாமா, அவரே சட்டம் போட்டவர் போல.

ராத்திரி மாமியார் கைக் குழம்பு. சதை செக்கச் சிவப்பாக இருந்ததைப் பார்த்து முதலில் சந்தேகப்பட்டார்கள். என் மனைவி இரண்டு துண்டு சாப்பிட்டாள். மூன்றாவதுக்கும் தட்டை நீட்டினாள். "பரவாயில்லையே" என்றாள். எங்கள் வீட்டில் அது பத்மஸ்ரீ.

கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், மாமா ஹாலில் உட்கார்ந்து, என் டேக்கை மேஜை மேல் விரித்து வைத்து, ஈரம் போக டிஷ்யூ பேப்பரால் ஒற்றிக்கொண்டிருக்கிறார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மாப்ள, இன்னும் 19 பாக்கி இருக்கு. சனிக்கிழமை லீவுதானே?"